தேன் மட்டும் தனியாகக் காவல் நிற்காது

காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் நம் ஊர்களில் பலர் முதலில் போய் நிற்பது மருந்துக்கடையில்தான். "ரெண்டு நாளா உடம்புவலி, ஒரு செட்டு குடுங்கண்ணே" என்றால் போதும். வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று என வெட்டியெடுத்த மாத்திரைகள் சின்னக் காகித உறைக்குள் வந்துவிடும். எது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது. அதே வீட்டில் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கும் பழக்கமும் இருக்கும். கேட்டால், "மாத்திரைச் சூடெல்லாம் இறங்கிடும், ஈரல் சுத்தமாகும்" என்பார்கள்.

இந்த இரண்டு பழக்கங்களையும் சேர்த்துவைத்துப் பேசியாக வேண்டும். மருந்துகளால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் சேதத்தைத் தேன் தடுக்குமா என்று எகிப்து, சவூதி அரேபியா, மலேசியா முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த முடிவுகள் அக்கறையோடு படிக்க வேண்டியவை. அவையே "தேன் சாப்பிட்டால் மாத்திரை ஒன்றும் செய்யாது" என்று சுருங்கி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது ஆபத்தாகின்றன. நாட்டு மருத்துவத்தை நம்புகிறவர்களும் ஆங்கில மருத்துவத்தை நம்புகிறவர்களும் இதை வைத்து ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் மனமொப்பி நிற்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: மருந்தின் சேதத்தை முதலில் குறைப்போம், தேனின் பலனை நேர்மையாகச் சோதிப்போம், கடையில் விற்கும் தேன் தேனாகவே இருக்கப் பார்த்துக்கொள்வோம். இந்த மூன்றில் எதையும் ஒருவர் மட்டும் செய்துவிட முடியாது.

முதலில் சேதம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளலாம். உரிய அளவில் அது நல்ல மருந்து, பாதுகாப்பான மருந்து. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரையானால் ஆறு. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும், சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கும் வரம்பு இதைவிடக் குறைவு. உள்ளே போகும் மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். சிறு பகுதி மட்டும் கொடிய நச்சாக மாறும். கல்லீரல் செல்களில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சைப் பிடித்து முடக்கிவிடும். அளவு மீறும்போது குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது. நச்சு செல்களையே தாக்கத் தொடங்குகிறது. முதல் நாளில் குமட்டலும் சோர்வும்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போது கல்லீரலின் பெரும்பகுதி சிதைந்திருக்கக்கூடும்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். தீர்ந்துபோன குளுட்டாதயோனை உடல் மறுபடி உருவாக்கிக்கொள்ள அது உதவுகிறது. மருந்தை அளவு மீறி உட்கொண்ட எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் கல்லீரல் பிழைத்துவிடும். வேண்டுமென்றே நிறைய விழுங்கியவர்களுக்கு மட்டும் வரும் ஆபத்து இது என்று நினைக்க வேண்டாம். சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம். உறையில் பெயரில்லாமல் வந்த செட்டோடு, வீட்டில் ஏற்கெனவே இருந்த அட்டையிலிருந்தும் இரண்டைப் போட்டுக்கொள்கிறவர் தெரியாமலே வரம்பைத் தாண்டிவிடுகிறார்.

சிறுநீரகத்தின் கதை வேறு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. வலி குறைவது அதனால்தான். ஆனால் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்துவைத்திருப்பதும் அதே பொருள்தான். உடலில் நீர் நிறைந்து, வயது குறைவாக, வேறு நோயில்லாமல் இருப்பவருக்கு இரண்டு நாள் மாத்திரையால் பெரிதாக எதுவும் ஆகாது. தூத்துக்குடி உப்பளத்திலோ செங்கல் சூளையிலோ நாள் முழுக்க வெயிலில் வியர்த்தவரின் உடல் வறண்டிருக்கும். அந்த நேரத்தில் சிறுநீரகம் அந்த நுண்குழாயின் விரிவை நம்பித்தான் வேலை செய்கிறது. வேலை முடிந்து இடுப்புவலிக்கு ஒரு மாத்திரை போட்டால், குழாய் சுருங்கி ரத்தம் குறைந்துவிடுகிறது. இது தினசரி வழக்கமாகும்போது சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளும், நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் அதோடு வலி மாத்திரையும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். வலியே தெரியாமல் பாழாகும் உறுப்பு சிறுநீரகம். கால் வீங்கும்போதும் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு ஏறும்போதும்தான் வீட்டுக்குத் தெரியவருகிறது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் வானமே ஒரு சாட்சி சொன்னது. 1990களில் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துபோயின. காரணம் 2004இல்தான் தெளிவானது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவை இறந்த பின் அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை நிறுத்திவிட்டது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அந்த ஊசிமருந்தை 3 மில்லிலிட்டர் குப்பியாகச் சுருக்க வேண்டியிருந்தது. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளைக் காக்க இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோம். மனித உடல் கழுகின் உடலைவிட இந்த மருந்தை வெகுவாகத் தாங்கும், உண்மைதான். ஆனாலும் ஒரு பறவையினத்தைக் காக்கச் சட்டம், ஆய்வாளர், கால்நடை மருத்துவர், விவசாயி எல்லோரும் சேர்ந்து செயல்பட முடிந்ததே, அந்த ஒற்றுமை மருந்துக்கடை வாசலில் நிற்கும் நம் அண்ணன் அக்காக்களுக்காகவும் வர வேண்டாமா?

காசநோய் மருந்துகள் தனியாகப் பேச வேண்டியவை. மருந்துகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 1,288 பேரை இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட தொகுப்பில், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் காசநோய் மாத்திரைகள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றுமே கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடியவை. அதற்காக அவற்றை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் காசநோய் குணமாகும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரும். தேவை எல்லாம், பசியின்மை, வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது என அறிகுறி தெரிந்த அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பது நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் நன்றாகத் தெரிந்திருப்பது. அந்தத் தொகுப்பில் இரண்டாவது இடம் எவற்றுக்கு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மூலிகை மருந்துகளும் பிற மாற்று மருந்துகளும்.

இனி தேனுக்கு வருவோம்.

ஆய்வகங்களில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். எலிகளைச் சில குழுக்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் பல நாள் தேன் கொடுத்துவிட்டு, பிறகு அதிக அளவில் பாராசிட்டமாலோ, ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோ, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோ செலுத்துகிறார்கள். இன்னொரு குழுவுக்குத் தேனில்லாமல் அதே மருந்து. பிறகு ரத்தத்தில் கல்லீரல் நொதிகளையும் யூரியா, கிரியேட்டினின் அளவுகளையும் பார்க்கிறார்கள்; உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். தேன் பெற்ற எலிகளில் சேதம் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. குளுட்டாதயோன் அவ்வளவாகக் குறைவதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் அடங்குகின்றன, செல்கள் மடிவது குறைகிறது.

இதில் வியப்பில்லை. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். மீதியில் பெரும்பகுதி நீர். ஆனால் பூவிலிருந்து வரும் குவர்செடின், கேம்ஃபெரால், கிரைசின், காஃபிக் அமிலம் போன்றவை மிகச் சிறிய அளவில் அதில் இருக்கின்றன. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. எந்தப் பூ, எந்த மலை, எந்தப் பருவம் என்பதைப் பொறுத்து இவற்றின் அளவு பெரிதும் மாறும். பொதுவாக அடர்நிறத் தேனில் இவை கூடுதல். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று நம் சித்த மருத்துவர்கள் பிரித்துச் சொன்னதை இந்த இடத்தில் மதிப்போடு நினைத்துக்கொள்ளலாம். எல்லாத் தேனும் ஒன்றல்ல என்பதை அவர்கள் வேறு வழியில் கண்டிருந்தார்கள்.

ஆனால் எலிக்குக் கிடைத்த பலன் நமக்கும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது. எலிக்குத் தேன் கொடுத்தது நஞ்சுக்கு முன்னால், திட்டமிட்டு. நம் வீட்டில் யாரும் அடுத்த வாரம் கல்லீரலுக்கு ஆபத்து வரப்போகிறது என்று நாள் குறித்துத் தேன் சாப்பிடுவதில்லை. அந்த எலிகள் இளமையானவை, வேறு நோயில்லாதவை. நம்மிடையே மாத்திரை அதிகம் சாப்பிடுகிறவர்கள் முதியவர்கள், நீரிழிவுக்காரர்கள். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று நீரிழிவு. கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயாளி, சிறுநீரகத்தைக் காப்பதாக எண்ணிக் கரண்டி கரண்டியாகத் தேன் குடித்தால் நேர்மாறான விளைவுதான் வரும். கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கும் தேனின் ஃபிரக்டோஸ் கூடுதல் சுமை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் மிகக் குறைவு. சிஸ்பிளாட்டின் சிகிச்சை பெற்ற சுமார் முப்பது புற்றுநோயாளிகளை வைத்து எகிப்தில் ஓர் ஆய்வு நடந்து 2017இல் வெளியானது. தேன் எடுத்துக்கொண்டவர்களிடம் சிறுநீரகச் சேதத்தைக் காட்டும் அளவுகள் குறைவாக இருந்தன. மகிழ்ச்சி தரும் தொடக்கம். ஆனால் முப்பது பேர் போதாது. சிறுநீரகத்தைக் காக்கும் பொருள், புற்றுக்கட்டியின் செல்களையும் சேர்த்துக் காத்துவிடாது என்பதையும் பெரிய ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியாக வேண்டும். அதுவரை கீமோ சிகிச்சையில் இருப்பவர் தன் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் தேனை மருந்தாக எடுக்கக் கூடாது.

ஒரு நம்பிக்கையை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் சென்னையிலேயே முன்மாதிரி இருக்கிறது. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது தமிழ் வீடுகளின் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க் முதலியோர் சேர்ந்து அதைச் சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை நாள்பட உடலில் சுமந்தவர்களில் சிலருக்குக் கீழாநெல்லியும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைச் சிலர் தோல்வி என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டுக் கொல்லையில் முளைக்கும் செடியை மதித்து, மனிதர்களிடம் முறைப்படி சோதித்து, உலகம் மறுபரிசோதனை செய்யும்படி வெளிப்படையாக முன்வைத்தார்கள். மூலிகைக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்தத் துணிவு அதன் பிறகு நம்மிடம் குறைந்துவிட்டதோ என்றுதான் வருத்தமாக இருக்கிறது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் ஆறு நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அது வேறு இனச் செடியாக இருக்கலாம் என்றது. இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த நோயாளிகள் சாப்பிட்டது எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்திருந்தால் சீந்திலுக்கும் நல்லது, நோயாளிகளுக்கும் நல்லது. அறிக்கையும் எதிர் அறிக்கையுமாக அது கரைந்துபோனது.

தேனைப் பற்றி இன்றே உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல 2025இல் நடந்த ஒரு பெருந்துயரத்தைப் பேச வேண்டியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா வட்டாரத்தில் சாதாரண இருமலுக்குச் சிரப் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோனது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் அந்த இரசாயனம் சிறுநீரகத்தைக் கொல்லும் நஞ்சு, மருந்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 1972இல் இதே நஞ்சுக்குச் சென்னையிலேயே குழந்தைகளைப் பறிகொடுத்திருக்கிறோம். 2022இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்ததிலும் இந்தியாவில் தயாரான சிரப்புகள்மீதுதான் குற்றச்சாட்டு எழுந்தது. தயாரிப்பாளரும், மூலப்பொருள் விற்றவரும், சோதிக்க வேண்டிய அதிகாரிகளும் பதில் சொல்லியே ஆக வேண்டிய குற்றம் இது. அதில் எந்தத் தள்ளுபடியும் இல்லை.

அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சிரப்பே தேவைப்பட்டிருக்காது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. சளியும் இருமலும் குழந்தைகளுக்கு வந்து தானாகவே போய்விடும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்றும் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தையின் இருமலுக்குத் தேன் இதமளிக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2018இல் இருமலுக்கு முதலில் தேனைத்தான் சொன்னது. படுக்கப் போகும்போது அரைத் தேக்கரண்டியோ ஒரு தேக்கரண்டியோ தேன் போதும். எலி ஆய்வுகளில் தேடிக்கொண்டிருக்கும் பாதுகாப்பு இங்கே கண்முன்னால் இருக்கிறது. வேண்டாத மருந்து ஒன்று குழந்தையின் வயிற்றுக்குள் போகாமல் தேன் தடுத்துவிடுகிறது. நம் பாட்டிமார் இஞ்சிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுத்ததும், சித்த மருத்துவர் திரிகடுகுச் சூரணத்துக்குத் தேனைத் துணையாக வைத்ததும், குழந்தை மருத்துவரின் இன்றைய அறிவுரையும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

கூடவே ஓர் எச்சரிக்கை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். அன்பினால் செய்யும் சடங்கு என்பதால்தான் மகப்பேறு வார்டிலேயே செவிலியர் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும், அத்தையும் பாட்டியும் மனம் நோகாதபடி.

சரி, கடையில் வாங்கும் பாட்டிலுக்குள் இருப்பது தேன்தானா? 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், 13 நிறுவனங்களின் 22 மாதிரிகளில் ஐந்து மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. நம் நாட்டு வழக்கமான சோதனைகளுக்குத் தப்பும்படி தயாரித்த சர்க்கரைப் பாகு கலக்கப்படுவதாக அந்த மையம் சொன்னது. பாகுக் கலப்பை நுட்பமாகக் கண்டறியும் என்.எம்.ஆர். சோதனையை ஜெர்மனியில் செய்தபோது அது பிடிபட்டது. நிறுவனங்கள் மறுத்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2010இல், அதே மையம் சோதித்த 12 மாதிரிகளில் 11இல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சம் இருந்தது. கல்லீரலைக் காக்கும் என்று நம்பி வாங்குகிற பாட்டிலில் மருந்தும் பாகும் இருந்தால், எந்த ஆய்வும் நமக்குப் பொருந்தாது. ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020இலேயே என்.எம்.ஆர். சோதனை கட்டாயமாக்கப்பட்டது. வெளிநாட்டுக்குப் போகும் தேனுக்குக் காட்டும் அக்கறை நம் பிள்ளைகள் நக்கும் தேனுக்கும் வேண்டும். அந்தச் செலவை அரசும் பெரிய நிறுவனங்களும் ஏற்க வேண்டுமே தவிர, பத்துத் தேனீப் பெட்டி வைத்துப் பிழைக்கிறவரின் தலையில் கட்டக் கூடாது.

அந்தப் பத்துப் பெட்டிக்காரரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நூறாண்டுகளுக்கு முன்பு, 1920களில், ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ற பெட்டியை அதற்கும் முன்பே திருச்சியில் பாதிரியார் நியூட்டன் வடிவமைத்திருந்தார். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. அதிலிருந்து மீண்டு, ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து இன்றும் அந்தக் குடும்பங்கள் தேன் எடுக்கின்றன. பாகு கலந்த தேன் மலிவு விலையில் வரும்போது முதலில் விழுவது அவர்கள்தான். தேன் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பதற்கு முன், இவ்வளவு குறைவாக எப்படிக் கொடுக்க முடிகிறது என்று கேட்கும் பழக்கம் வாங்குகிறவர்களுக்கு வர வேண்டும். பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருப்பது பக்கத்துத் தோட்டக்காரரின் பங்கு.

பொறுப்பில் பெரிய பங்கு யாருக்கு என்று கேட்டால், அதிகாரம் அதிகம் உள்ளவருக்கு என்பேன். மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும் மாத்திரைகள் செட்டு செட்டாக விற்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தடுத்தாக வேண்டும். கடையில் சான்றிதழ் மட்டும் தொங்காமல் மருந்தாளுநரும் நிற்க வேண்டும். அவர் "பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா, சிறுநீரகத்துல ஏதும் கோளாறு இருக்கா?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே எத்தனையோ பேர் பிழைப்பார்கள். மருத்துவர் தன் முன்னால் இருப்பவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கும்போது, சூரணத்தையும் லேகியத்தையும் சொல்லக் கூச்சப்படாதபடி கேட்க வேண்டும். சொன்னால் திட்டுவார் என்ற பயம்தான் பலரை மறைக்க வைக்கிறது. சித்த மருத்துவர்களுக்கும் அதே கடமை உண்டு. முறையாகச் சுத்தி செய்யாத பாதரசமும் ஈயமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை அவர்களே உரத்துச் சொல்லி, போலிகளை அடையாளம் காட்டினால் அந்த மருத்துவத்தின் மதிப்பு உயரும். தொலைக்காட்சிகளும் யூடியூபர்களும் எலியிடம் கண்டதை எலியிடம் கண்டதாகச் சொன்னால் போதும்.

கிராமத்து வீடுகளுக்கு இன்னொரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு தன்னார்வலர் வீட்டுக்கே வருகிறார். வாசலில் நின்று, "வலி மாத்திரை ஏதும் வாங்கிச் சாப்பிடுறீங்களா, பாட்டி?" என்று அவர் கேட்கலாம். ஆமென்றால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க அனுப்பலாம். அதற்குப் புதிய துறையோ கட்டடமோ தேவைப்படாது.

மருந்தால் கெடுதி வந்தால் சொல்வதற்கும் இடம் இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவர் மட்டுமல்ல, மருந்து சாப்பிட்டவரும் புகார் சொல்லலாம். மூலிகை மருந்துகளுக்கும் ஆயுஷ் துறையில் தனிக் கண்காணிப்பு உண்டு. இந்த எண்ணை எத்தனை மருந்துக்கடைகளில், எத்தனை சித்த மருத்துவப் பிரிவுகளில் கண்ணில் படும்படி எழுதிவைத்திருக்கிறார்கள்? கிராம சபை தீர்மானம் போட்டு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதச் செய்யலாம். இதற்கு எந்தக் கட்சியும் எதிர்ப்புச் சொல்லாது.

கடைசியாக, தேனைச் சோதிப்பதற்கு ஒரு கோரிக்கை. சென்னை சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் தொடங்கிய அந்த நிலையம்தான், காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கு நிரூபித்தது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இரண்டும் கைகோத்து, சர்க்கரை நோய் இல்லாத காசநோயாளிகள் சில நூறு பேரிடம், அவர்களின் முழுச் சம்மதத்தோடு, வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையை ஒரு மாத்திரைகூடக் குறைக்காமல், அந்த மாத்திரைகளால் வரும் கல்லீரல் சேதத்தைத் தேன் தடுக்குமா என்று சோதிக்கலாம். ஒரு பாதிக்கு என்.எம்.ஆர். சோதனையில் தேறிய மார்த்தாண்டம் தேன், மறு பாதிக்கு அதே சுவையும் நிறமும் கொண்ட சர்க்கரைப் பாகு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. குறித்த இடைவெளியில் கல்லீரல் நொதிகளைப் பார்த்துவர வேண்டும். செலவை மாநில அரசு ஏற்கலாம். தேன் காத்தது என்று வந்தாலும், காக்கவில்லை என்று வந்தாலும் முடிவை முழுதாகத் தமிழிலும் வெளியிட வேண்டும். நாடு முழுவதும் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு நாம் தரக்கூடிய பதில் அதில்தான் கிடைக்கும்.